டாக்டரிடம் சொல்லாத வாசம்

எனக்கு முதன்முதலில் சாம்பிராணி வாசம் வந்தது மலாக்காவில், செங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில்தான். அந்த இடத்துக்கும் சாம்பிராணிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாங்கள் சர்க்கிட் போர்டு சோதிக்கும் அறைக்குள் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு போனால்கூடத் திட்டு விழும். தலைக்கு வலை, வாய்க்கு மூடி, காலுக்கு உறை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் குனிந்திருந்தேன். திடீரென்று யாரோ பக்கத்தில் தூபக்காலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி வாசம் கமகமவென்று ஏறியது. பக்கத்து நாற்காலியில் இருந்த மலாய்க்கார அக்காவிடம் கேட்டேன். அவர் மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாசமும் இல்லை, காலையில் சாப்பிட்டாயா இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வந்த வேகத்தில் அது போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன். அப்புறம் கம்பெனி பஸ்ஸில் வந்தது. குளியலறையில் வந்தது. லூபோக் சீனாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில், எங்கள் வீடு. மழை வரப்போகும் நேரத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து உர வாசம் அடிக்குமே தவிர, சாம்பிராணி எங்கிருந்து வரும்? ஒரு சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஏன் அத்தை, இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே, சாம்பிராணி போட்டீங்களா?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போடலையே. உனக்கு வருதா?"

"வருது. அஞ்சாறு வாட்டி வந்துருச்சு."

அவர் கையைக் கழுவினார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், "உட்காரு தாயி" என்றார்.

ரப்பர் மரம் சீவும் கித்தாத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்த பிறகுதான் தாமானுக்கு வந்தார். இல்லாத இடத்தில் சாம்பிராணி மணந்தால் அம்மன் அந்த வழியாகப் போகிறாள் என்று அர்த்தம், ஒருத்திக்கு மட்டும் மணந்தால் அவள்மேல் இறங்கப் பார்க்கிறாள் என்று அர்த்தம். இதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சாம்பாரில் உப்புக் குறைவு, என் துணி மடிப்பில் கோணல், என் நடையில் சத்தம். அந்த ஒரு சாயங்காலத்தோடு எல்லாக் குறையும் தீர்ந்துபோயிற்று. பாத்திரம் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வந்தது. சாமி இறங்குவது இவ்வளவு வசதியான காரியம் என்று முன்பே தெரிந்திருந்தால் கல்யாணமான வருஷமே இறக்கியிருப்பேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். சிரித்துவிட்டு, "அம்மா காதுல விழுந்துறப் போவுதுலா" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்து வீடு, பிறகு பின் வரிசை, பிறகு செம்பனைத் தோட்டத்தில் இன்னும் மிச்சமிருந்த குடும்பங்கள். நான் வேலை முடிந்து களைத்துப்போய் வந்து பார்த்தால் வாசலில் செருப்புக் குவிந்து கிடக்கும். மகனுக்கு வேலை கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் எப்போது உதறலை நிறுத்தும் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் எதைச் சொல்வேன்? திருநீறு பூசி, எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று அனுப்பிவைப்பேன். அவர்கள் அதற்கே கண் கலங்கிப் போவார்கள். வயதில் மூத்தவர்கள் என் காலைத் தொட வரும்போது எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன், கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பிடிக்காதது வேறொன்று. வாசம் இப்போது தனியாக வரவில்லை. முதலில் அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும். நிற்கிற இடம், எதிரே இருக்கிற முகம் எல்லாமே ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்ததுபோலத் தோன்றும். பிறகு வாசம். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கையில் சட்டி மூடி இருக்கும், அடுப்பில் குழம்பு தீய்ந்திருக்கும். சாமி வந்தால் எங்கே இருந்தோம் என்று தெரியாது என்பார் மாமியார். எனக்கோ சாமியும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை. நடுவில் யாரோ சில நிமிஷங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. வெளியே சொன்னால் மாமியார் அதையும் திருநீறு பூசிக் கொண்டாடுவார் என்பதால் சொல்லாமல் இருந்தேன்.

ஒருநாள் தொழிற்சாலைப் படிக்கட்டில் விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, சீருடையெல்லாம் ரத்தம். கம்பெனி வண்டியில் மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோனார்கள். கணவரும் மாமியாரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். டாக்டரைப் பார்ப்பதற்குள் மாமியார் என்னைத் தனியாகச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"விழுந்தேன், மயக்கம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லு. வாசத்தைப் பத்தி வாயத் தொறக்காத. அது ஆத்தா காரியம். வெளிய சொன்னா கோவிச்சுக்குவா. கேக்குறவனுக்கும் புரியாது, உன்னப் பைத்தியம்னு எழுதிருவான்."

கடைசி வாக்கியம்தான் என் வாயைக் கட்டியது. அம்மன் கோபித்தால் சமாதானப்படுத்திக்கொள்ளலாம், பைத்தியம் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடுமே! டாக்டர் கேட்டார், விழுவதற்கு முன்னால் ஏதாவது தோன்றியதா, கண்ணில் பளிச்சென்று ஏதாவது தெரிந்ததா, காதில் ஏதாவது கேட்டதா என்று. இல்லை இல்லை என்று தலையாட்டினேன். மூக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விழுந்த மாதிரி சரியில்லை என்று தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அந்த முதல் எம்.ஆர்.ஐ.க்கு உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றுவதற்குள் மாமியார் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி என் கழுத்தில் போட்டார். மூக்குத்திதான் வருவேனா என்றது. தாதி சவர்க்கார நுரையைத் தடவி, நான் கத்தக் கத்தத் திருகி எடுத்தாள். பிறகு குழாய்க்குள் படுக்கவைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். உள்ளே அப்படி ஒரு சத்தம். எங்கள் தாமான் ரோட்டை உடைத்துக் குழாய் போட்டபோதுகூட அவ்வளவு சத்தம் இல்லை. வெளியே வந்தபோது உயிர் வந்தது.

முடிவு வந்தது. ஒன்றும் இல்லை, தலை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நான் அந்த நிமிஷம் அழுதிருக்க வேண்டும், சந்தோஷத்தில். எனக்கு அழுகை வரவில்லை. மாமியாருக்கு வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியா? மெஷினே சொல்லிருச்சு. சீக்கு இல்ல. அப்ப வேற என்னா? ஆத்தாதான்."

இப்படி ஒரு கணக்கை நான் எதிர்பார்க்கவில்லை. நோய் இல்லை என்று டாக்டர் சொன்னது, சாமி இருக்கிறது என்று அவரே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. என் வேலையில் ஒரு போர்டு கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியாது. நாங்கள் அதற்குச் சூடம் காட்டுவதில்லை. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று வேறு மெஷினுக்கு அனுப்புவோம். இதை மாமியாரிடம் சொன்னேன். "அம்மன போர்டு கூட சேக்குறியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செய்தி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த வருஷம் கரகத்தை நான்தான் தூக்க வேண்டும், தீக்குழியில் முதலில் நான்தான் இறங்க வேண்டும் என்றார். என் வயிற்றில் எழும்பி வருகிற அந்த அலை தீக்குழி நடுவில் வந்தால்? கரகத்தோடு அங்கேயே நின்றுவிட்டால்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமியார் எனக்குப் பதிலாகச் சரி என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. சாமி மௌனவிரதம் என்று அதையும் ஊரில் சொல்லிவைத்தார்.

காப்புக் கட்டினால் பிறகு விரதம், வாயில் மீன் படக் கூடாது. அதனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கணவர் என்னை மட்டும் உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். கடலோரக் கடை, சாயங்கால வெயில். இலையில் சுட்ட மீனும் மிளகாய்ச் சம்பலும் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மீனைப் பிய்த்த கையோடு நின்றுவிட்டேன். கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமல் சப்புக்கொட்டிக்கொண்டு, எதையோ மென்றுகொண்டே இருந்தேன். கையிலிருந்து சம்பல் முழங்கை வழியாகச் சட்டையில் வழிந்தது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், தோளை உலுக்கியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அவர் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, என் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது சாமி இல்லலா," என்றார். "சாமி வந்தா யாராச்சும் வரணும். இங்க யாரும் வரல. நீதான் காணாமப் போயிட்ட."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் ஒருவராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் அந்த வாரத்திலேயே இருந்தது. மாமியாருக்குச் சொல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போனோம். இந்த முறை ஒரு பெண் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பழைய படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டே, இதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் ஏதாவது சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"டாக்டர், எனக்குச் சாம்பிராணி வாசம் வருது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். சிரிக்கவில்லை. பைத்தியம் என்று எழுதவும் இல்லை.

"சொல்லுங்கோ அக்கா. எப்ப வரும்? வரேக்க வயித்துக்குள்ள ஏதாவது செய்யுமா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வயிறு, ஏற்கெனவே நடந்த மாதிரி தோன்றுவது, காணாமல் போகும் நிமிஷங்கள், உம்பாய் மீன், வெள்ளிக்கிழமைக் கூட்டம், தீக்குழி வரை. கணவர் என் சப்புக்கொட்டலை நடித்தே காட்டினார். டாக்டர் தன் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக் காட்டினார்.

"வாசத்தை அறியிற இடம் இதுக்கு உள்பக்கம், ஆழத்தில, மடிப்புக்குள்ள இருக்கு. அங்க ஏதாவது உறுத்தினா இல்லாத வாசம் வரும். முதல் ஸ்கேன்ல தலை முழுக்கப் பொதுவாத்தான் பாத்திருக்கினம். சில கட்டி ஊசி மருந்து போட்டாலும் பளிச்செண்டு தெரியாது அக்கா. பக்கத்தில இருக்கிற நல்ல மூளை மாதிரியே இருக்கும். எங்க தேடுறது எண்டு தெரிஞ்சாத்தான் பிடிக்கலாம். இப்பதான் நீங்கள் இடத்தைச் சொல்லியிருக்கிறீங்கள்."

இதுவும் ஒருவகை வலிப்புதான் என்று அன்றிலிருந்தே மாத்திரை கொடுத்தார். இன்னொரு எம்.ஆர்.ஐ.க்கும் எழுதினார். அதே மெஷின்தான், பார்க்கும் விதம் வேறு. அந்த மடிப்பை மட்டும் மெல்லிய மெல்லிய துண்டுகளாகப் படம் எடுப்பார்கள். அந்த இடத்தில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது, என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்பதையும் கத்தி வைக்காமலே மெஷின் அளந்து சொல்லுமாம். கட்டி இருந்தால், கண்ணுக்கு நல்ல சதை மாதிரி வேஷம் போட்டாலும் ரசாயனம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். தீ மிதிக்கிறதைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பக்கமே போகாதேங்கோ" என்றார்.

இரண்டாவது முறை குழாய்க்குள் படுத்திருந்தபோது சத்தம் எனக்கு உறைக்கவில்லை. வேறொரு பயம் பிடித்திருந்தது. இதிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? அப்புறம் ஒரு டாக்டரும் என்னைப் பார்க்க மாட்டார். மாமியார் கரகத்தைத் தலையில் வைத்துவிடுவார். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டே இருப்பேன், சுற்றி நின்று எல்லோரும் கும்பிடுவார்கள். படுத்தபடியே கையைக் கோத்துக்கொண்டு வேண்டினேன். ஆத்தா, ஏதாவது இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும். தலைக்குள் கட்டி இருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அசையாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே போட்டுக் காட்டினார். பழைய படத்தில் அந்த மடிப்பு ஒரே சாம்பல் நிறம். புதிய படத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொஞ்சம் தடித்து, லேசாக வெளுத்திருந்தது. நானாக இருந்தால் அந்தப் போர்டைப் பாஸ் போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் ரசாயனத்தை அளந்த படத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

"இருக்கு அக்கா. ஒரு கச்சான் கொட்டை, நிலக்கடலை அளவு. மெதுவா வளர்ற வகை மாதிரித்தான் தெரியுது. ஓரமா இருக்கு, எடுக்கலாம்."

நான் அழுதேன். மேசையில் தலையை வைத்து, சத்தம் போட்டு அழுதேன். டாக்டர் பயந்துபோய், எடுக்கலாம், எடுத்துவிடலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது துக்க அழுகை இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. கணவருக்குப் புரிந்திருந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்றார். காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டது என்பதுபோல அதைச் சொன்னார். என் தலைக்குள் கட்டி என்று கேட்ட நாள்தான் பல மாதங்களில் நான் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கிய நாள்.

மாமியாரிடம் அன்று மாலையே சொன்னோம். அவர் கத்துவார், டாக்டரைத் திட்டுவார் என்று நான் பதிலோடு தயாராக இருந்தேன். அவரோ என் நெற்றியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடந்தே கோயில் தலைவர் வீட்டுக்குப் போய், என் மருமக கரகம் தூக்க மாட்டா, தீ மிதிக்க மாட்டா, வேற ஆளப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். காரணம் கேட்டவர்களுக்கு, அவளுக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான் என்றார். அந்த நாள்களில் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சாமி போன வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை கோலாலம்பூரில் நடந்தது. அதற்கு முன்னால் அங்கேயும் அதே மாதிரி படம் எடுத்தார்கள். கட்டியின் ஓரம் நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, சாதாரணப் படத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த மிச்சத்தை விட்டிருப்போம் என்று அறுவை டாக்டர் சொன்னார். தலையில் பாதி மொட்டை, காதுக்கு மேலே வளைந்து ஒரு தையல். முழித்ததும் முதலில் என்ன கேட்டேன் என்று கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வாஷிங் மெஷினில் துணி ஊறிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேனாம். நான் நானாகத்தான் இருக்கிறேன் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வாசம் வரவில்லை. நிமிஷங்கள் காணாமல் போகவில்லை. ஆனாலும் மறுபடி எடுக்கும் படத்தைப் பார்த்தால்தான் உறுதி என்றார்கள். சில மாதம் கழித்து அந்த நாள் வந்தபோது மாமியார் நானும் வருவேன் என்று காலையிலேயே புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அறைக்குள்ளும் எங்கள் இருவரோடு வந்தார். யாழ்ப்பாணத்து டாக்டர் மெல்லிய துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். கட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் கறுப்புப் பள்ளம். அதன் ஓரங்களில் ரசாயனக் கோடு ஏறவே இல்லை, ரத்த ஓட்டமும் அளவோடு இருந்தது.

"சுத்தமா இருக்கு அக்கா. வருஷா வருஷம் பாத்துக்கொண்டு வருவம். இப்ப வீட்ட போய்ச் சந்தோஷமா இருங்கோ."

எனக்குக் காற்று லேசாகி, நாற்காலியோடு மிதக்கிற மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் போனேன். மாமியார் எழவில்லை. திரையில் இருந்த கறுப்புப் பள்ளத்தைக் கைநீட்டிக் காட்டினார்.

"டாக்டரம்மா, இந்த மெஷின் முன்னாடியே இருந்திருந்தா, கித்தாத் தோட்டத்துல இருந்த ஒரு பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்குமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "எந்தப் பொண்ணு அம்மா?" என்றார்.

"என் தங்கச்சி."

அவருக்குத் தங்கை இருந்த விஷயமே எனக்குத் தெரியாது. என் கணவரைப் பார்த்தேன். சித்தி ஒருத்தியை அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்றார். மாமியார் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வயசுப் பெண். மல்லிகைப்பூ வாசம் வருதுக்கா என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயை மெல்லுவாளாம். லயத்தில் எல்லோரும் வேப்பிலை கட்டி உட்காரவைத்துக் கும்பிட்டார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் மட்டும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாராம். சாமி குற்றம் ஆகிவிடும் என்று யாரும் கொண்டுபோகவில்லை. ஒருநாள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனவள் தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.

டாக்டர் திரையை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அது என்னெண்டு இப்ப சொல்ல ஏலாது அம்மா. ஆனா யாராவது பாத்திருந்தா ஏதாவது செய்திருக்கலாம்" என்றார். மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது, அல்லது அதைத்தான் எதிர்பார்த்து வந்தார்.

காரில் ஏறிய பிறகு கணவர் சாவியைப் போட்டாரே தவிர வண்டியை எடுக்கவில்லை. மாமியார் பின் இருக்கையில் என் பக்கத்தில் இருந்தார்.

"அவ கால்ல நானே விழுந்து கும்பிட்டிருக்கேன்," என்றார். "சீக்குன்னு நெனச்சா நாமதான சாவ விட்டோம்னு ஆயிரும். அதான் சாமின்னே வச்சுக்கிட்டேன், இத்தன வருசமா. உனக்கு வந்தப்பவும் சாமின்னே சொன்னேன்." என் தலையில் முடி முளைக்காத தையல் தழும்பைத் தொட்டார். "உன்னயும் கும்பிட்டே கொன்னுருப்பேன்டி."

அவர் கையைத் தழும்பின்மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அதான் கொல்லலையே அத்தை. இந்தா இருக்கேன்ல."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். லூபோக் சீனா வந்து சேரும்வரை விடவில்லை. கை மரத்துப்போயிற்று, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.